பூச்சிமருந்துக்கு முன்னால் உரச் சாக்கைப் பாருங்கள்: பழ மரத்தில் தழைச்சத்துக் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

பினாங்குத் தீவிலும், அக்கரையில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தாமான்களிலும் நம்மவர் வீட்டு வாசலில் ஒரு மாமரமோ கொய்யாவோ தொட்டி எலுமிச்சையோ கட்டாயம் நிற்கும். பாலிக் புலாவ் சரிவுகளில் டுரியானும் ரம்புத்தானும் ஜாதிக்காயும் தோட்டமாகவே இருக்கின்றன. இலை சுருண்டாலோ காய் உதிர்ந்தாலோ எல்லாரும் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். மருந்து அடித்ததும் பூச்சி மறைகிறது. அடுத்த துளிர் வந்ததும் கூட்டமாகத் திரும்புகிறது. அப்படித் திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் பூச்சியை விட்டுவிட்டு மரத்துக்கு நாம் போடும் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. குறிப்பாகத் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை.

மரத்தின் காவல் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கொய்யா இலையின் துவர்ப்பு, மாங்காய்ப் பால், எலுமிச்சை இலையின் எண்ணெய், பட்டையையும் நரம்பையும் இறுக்கும் லிக்னின் எல்லாம் அந்தக் காவலைச் சேர்ந்தவை. இவற்றில் பெரும்பங்கு, இலை வெயிலில் சமைக்கும் கார்பனால் ஆனது. லிக்னினையும், துவர்ப்பு போன்ற காவல் பொருள்களான பீனால் சேர்மங்களில் பெரும்பாலானவற்றையும் மரம் பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் செய்கிறது. புது இலைக்கு வேண்டிய புரதத்துக்கும் அதே பினைல்அலனின் வேண்டும். ஒரே சம்பளத்தில் வீட்டையும் கட்டி வேலியையும் போட வேண்டிய குடும்பத்தின் நிலைமைதான் மரத்துக்கும். தழைச்சத்தைக் கொட்டினால் எல்லாம் வீட்டுக்கே போகிறது: துளிர்மேல் துளிர், அகன்ற இலை, நீண்ட கொம்பு. வேலி மெலிகிறது.

ஹெர்ம்ஸ், மாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் இந்த இழுபறியை, வளர்வதா காத்துக்கொள்வதா என்று தாவரம் படும் திண்டாட்டமாக எழுதினார்கள். பழ மரத்திலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. லேசர், ட்ராய்ட்டர் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தழைச்சத்து கூடக் கிடைத்த ஆப்பிள் மரங்கள் நன்றாக வளர்ந்தன. ஆனால் இலையில் பீனால் சேர்மங்கள் குறைந்தன, சொறி நோயை எதிர்க்கும் சக்தியும் தளர்ந்தது. ஆப்பிள் நம் ஊரில் விளைவதில்லை. ஆனால் பினைல்அலனின் பங்கீடு மாமரத்துக்கும் எலுமிச்சைக்கும் பொதுவானது.

இதைப் படித்துவிட்டு உரத்தையே நிறுத்திவிடாதீர்கள். நோய் தாக்கும்போது மரம் உடனடியாகத் தயாரிக்கும் தற்காப்புப் புரதங்கள் பல. பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ் அவற்றில் ஒன்று. அவற்றுக்குத் தழைச்சத்து வேண்டும். பட்டினி கிடக்கும் மரமும் அடிவாங்கும், வேறு வகையில்.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு பழைய இலையிலா, துளிரிலா? கடைசியாக என்ன உரம், எப்போது, எவ்வளவு? மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்தும் மரத்தடியில் தண்ணீர் நிற்கிறதா?

மரம் கரும்பச்சையாகச் செழிக்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது

மாமரத்தில் அதிகம் கேட்கும் புகார் இது. கொம்பு நுனியில் எப்போதும் செம்புநிறத் துளிர், நடுக்கொம்பிலிருந்து நெட்டுக்குத்தாக நீர்ப்போத்துகள், இலையை விரலில் மடக்கினால் முறியாமல் வளைகிறது. இது தழைச்சத்து மிகுதி. மா பூக்க வேண்டுமானால் கொம்பு முற்றி ஓய்வில் நிற்க வேண்டும். பினாங்கில் தைப்பூசத்தை ஒட்டி வரும் வறண்ட வாரங்கள் அந்த ஓய்வைக் கொடுக்கின்றன. தீபாவளி முடிந்த கையோடு யூரியா போட்ட மரம் அந்த வாரங்களில் ஓய்வெடுக்காமல் துளிர்த்துக்கொண்டிருக்கும். வருஷத்தின் முக்கிய வாய்ப்பு போய்விடும்.

செய்ய வேண்டியது: யூரியா, கோழி எரு இரண்டையும் நிறுத்துங்கள். நீர்ப்போத்தை மட்டும் அடியோடு எடுங்கள். மரத்தை மொட்டையடிக்காதீர்கள், கடுமையான கவாத்து இன்னொரு பெருந்துளிரைக் கிளப்பும். அடுத்த துளிர் முற்றும் வரை பொறுங்கள்.

இங்கே உரத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. அம்மோனியம் சல்பேட்டில் 21. கலவை உரத்தில் முதல் எண்தான் தழைச்சத்து: 15:15:15 கலவையில் 15. காய்க்கும் மரத்துக்கென்று விற்கும் 12:12:17:2 கலவையில் 12. ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம், ஒரு கிலோ 12:12:17:2இல் 120 கிராம். ஒரே பால் டின்னால் எல்லா உரத்தையும் அளந்து போடும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. கலவைக்குச் சொன்ன அளவை யூரியாவுக்கும் போட்டால் மரத்துக்குப் போவது மூன்று நான்கு மடங்கு. இயற்கை உரம்தானே என்று கோழி எருவைக் குவிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எருவில் 3 விழுக்காடு தழைச்சத்து இருந்தால் 10 கிலோ மூட்டையில் 300 கிராம் இருக்கிறது. ஏறக்குறைய 650 கிராம் யூரியா போட்டதற்குச் சமம். மெதுவாக வெளிவருகிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

எலுமிச்சைத் துளிர் சுருள்கிறது, இலையில் வெள்ளிக் கோடு

துளிர் இலை ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளியாக ஒரு கோடு வளைந்து வளைந்து போகும்; அதன் நடுவே மெல்லிய கறுப்பு இழை ஒன்று ஓடும், அது புழுவின் எச்சம். கோட்டின் கடைசியில், இலை விளிம்பு மடிந்த இடத்தில், மஞ்சள் நிறத்தில் புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கும். இலைத்துளைப்பான் என்ற சிறு அந்துப்பூச்சியின் வேலை. முற்றிய இலையில் இந்தப் புழுவுக்குப் பிழைப்பில்லை. இளந்தோலுக்கு அடியில்தான் அதனால் குடைய முடியும். ஆகவே மரம் வருஷத்தில் சில முறை ஒரே சீராகத் துளிர்த்து முற்றினால் சேதம் அந்தச் சில வாரங்களோடு முடிந்துவிடும். மாதாமாதம் உரம் வாங்கி ஓயாமல் துளிர்க்கும் மரத்தில் பூச்சிக்கு வருஷம் முழுவதும் விருந்து. குடைந்த புண் வழியே சிட்ரஸ் சொறி நோயின் பாக்டீரியாவும் நுழைகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அதே துளிரில் இருக்கிறது. விரியாத குருத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைச் சாய்வாகத் தூக்கியபடி, பழுப்பாக எள்ளளவில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தால் அது ஆசிய சிட்ரஸ் சைலிட். அதன் குஞ்சுகள் வெள்ளை மெழுகு நூலைச் சுருள்சுருளாக வெளித்தள்ளும். பூச்சியே தெரியாவிட்டாலும் அந்த நூல் கண்ணில் படும். முட்டையிடுவதற்கு அதற்கு இளங்குருத்து கட்டாயம் வேண்டும். சிட்ரஸ் பசுமையாக்கல் என்ற பாக்டீரியா நோயை மரத்துக்கு மரம் கொண்டுபோவது இதுதான்.

பாகான் ஆஜாமில் பக்கத்து வீட்டு அண்ணன் வேலி ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, இலையெல்லாம் மஞ்சளாக இருக்கிறதே, இன்னும் ஒரு கை யூரியா போடட்டுமா?" நான், "வேண்டாம் அண்ணே, முதலில் ஓர் இலையை நடுநரம்பில் மடித்துப் பாருங்கள்" என்றேன். பசியால் மஞ்சளான இலையில் இரண்டு பாதியும் ஒரே மாதிரி வெளுத்திருக்கும். துத்தநாகக் குறையிலும் வலது இடது ஒத்துப்போகும். பசுமையாக்கல் நோயில் ஒத்துப்போகாது: ஒரு பாதியில் மஞ்சள் திட்டு இருக்கும் இடத்தில் மறு பாதி பச்சையாக இருக்கும். அவர் மடித்த இலை ஒத்துப்போகவில்லை. அந்த மரத்துக்கு யூரியா போட்டிருந்தால் புதுத் துளிர் வந்திருக்கும், புதுத் துளிருக்குச் சைலிட் வந்திருக்கும், அதே பூச்சி அடுத்த வீட்டு எலுமிச்சைக்கும் நோயைச் சுமந்து போயிருக்கும்.

இந்த நோய்க்கு மருந்தில்லை. மரத்தை வேரோடு எடுத்துவிடுவதுதான் அக்கம்பக்கத்து மரங்களுக்குச் செய்யும் நன்மை. எடுப்பதற்கு மனம் வராது, தெரியும். இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

மரம் நோயில்லாமல், இலைத்துளைப்பான் மட்டும் இருந்தால்: சுருண்ட இலைகளைப் பிய்க்க வேண்டாம், அவை இன்னும் மரத்துக்குச் சோறு சமைக்கின்றன. உரத்தைச் சிறிய தவணைகளாக ஓயாமல் கொடுப்பதை விட்டுவிட்டு, மரம் தானாகத் துளிர்க்கத் தொடங்கும் நேரத்தில் அளவாக ஒரு முறை கொடுங்கள். துளிர்கள் ஒன்றாக வந்து ஒன்றாக முற்றும்.

இலை பிசுபிசுக்கிறது, கறுப்பாகப் படிகிறது, எறும்பு வரிசை

ஜம்பு, கொய்யா, மா மூன்றிலும் வரும். கறுப்பு பூச்சு கரும்பூசணம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், இலையைத் தின்பதில்லை. அது வளர்வது தேன் பிசுக்கின்மேல். பிசுக்கை விடுவது அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, வெள்ளை ஈ ஆகியவை.

ஏன் விடுகின்றன என்று யோசித்தால் தழைச்சத்தின் பங்கு புரிந்துவிடும். மரச்சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலமோ சொற்பம். பூச்சியின் குஞ்சு வளர அமினோ அமிலம் வேண்டும். அதற்காகச் சாற்றை வண்டி வண்டியாகக் குடித்து, வேண்டாத சர்க்கரையை வெளியே விடுகிறது. அளவுக்கு மீறித் தழைச்சத்து வாங்கிய மரத்தின் சாற்றில் கரைந்த அமினோ அமிலங்கள் கூடுகின்றன. பூச்சிக்குச் சத்து கூடிய சாப்பாடு கிடைக்கிறது. வேகமாக வளர்கிறது, அதிகமாகப் பெருகுகிறது. மருந்து அடித்துத் தொண்ணூறு விழுக்காடு ஒழித்தாலும் மீதிப் பத்து விழுக்காட்டுக்கு அந்தச் சாப்பாடு அப்படியே காத்திருக்கிறது. அதோடு மருந்து பொறிவண்டையும் கொன்றுவிடுகிறது.

வரிசை முக்கியம். முதலில் எறும்பைத் தடுங்கள், அது பிசுக்குக்காகப் பூச்சிக்குக் காவல் நிற்கிறது: தண்டில் துணியோ பிளாஸ்டிக் பட்டையோ சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள், வெறும் பட்டைமேல் தடவக் கூடாது. மதிலிலோ மின்கம்பியிலோ உரசும் கொம்பை வெட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறும். பிறகு இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீச்சி அடியுங்கள். உரத்தை நிறுத்துங்கள். வேண்டுமானால் கடைசியாகச் சோப்புக் கரைசல், மாலை நேரத்தில்.

டுரியான் பூ கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை

பாலிக் புலாவில் பழம் விழும் பருவம் மே முதல் ஜூலை வரை; அதற்கான பூ வருஷத் தொடக்கத்து வறட்சிக்குப் பின் வருகிறது. பிஞ்சு பிடித்த வாரங்களில் மரம் துளிர்த்தால் துளிருக்கும் பிஞ்சுக்கும் போட்டி நடக்கும், பிஞ்சுதான் தோற்கும். கொம்பு நுனியைப் பாருங்கள். பிஞ்சு கொட்டும் மரத்தில் பொன்னிறக் குருத்து விரிந்துகொண்டிருந்தால் காரணம் அனேகமாக அதுவே. அந்தக் குருத்தையே டுரியான் சைலிட் உறிஞ்சி உதிர்க்கும். மரம் மறுபடி துளிர்க்கும். இன்னும் பிஞ்சு போகும்.

ரகம் ஆங் ஹே ஆனாலும் முசாங் கிங் ஆனாலும் காலக்கணக்கு ஒன்றுதான்: தழைச்சத்து மிகுந்த உரம் அறுவடை முடிந்த கையோடு, மரம் இலையைத் திரும்பக் கட்டும் மாதங்களில். வருஷக் கடைசியில் தழைச்சத்தைக் குறைத்துவிடுங்கள். காய் பெருக்கும் நாளில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) மேலோங்கிய கலவை போடுங்கள்.

தண்டில் ஈரத்திட்டு, பட்டையைச் சீவினால் உள்ளே செம்பழுப்பு என்றால் அது பைட்டோப்தோரா என்ற அழுகல் நோய்க்கிருமி. இதற்குத் தழைச்சத்தைக் குற்றவாளியாக்காதீர்கள். முதல் காரணம் தேங்கும் நீர். வடிகால் வெட்டுங்கள், தண்டை ஒட்டிக் குவிந்த எருவையும் மண்ணையும் விலக்குங்கள். தண்டில் பாஸ்போனிக் அமிலம் செலுத்துவது அனுபவப்பட்டவர் கையால் நடக்கட்டும்.

மாம்பழம் பறித்தபின் கறுப்புப் புள்ளி விழுந்து அழுகுகிறது

ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை பிஞ்சிலேயே தோலுக்குள் நுழைந்துவிட்டுப் படுத்திருக்கும். பச்சைக் காயின் தோலில் ரெசார்சினால் என்ற பூஞ்சை எதிர்ப்புப் பொருள்கள் இருப்பதால் எழுந்திருக்க முடிவதில்லை. பழுக்கும்போது அவை குறைகின்றன; பூஞ்சை விழிக்கிறது. ஆக, பழத்தின் ஆயுசு மரத்தில் இருக்கும்போதே எழுதப்படுகிறது. பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே நிற்பது தழைச்சத்து மிகுதிக்கு நல்ல அடையாளம். ஆஸ்திரேலியாவின் கென்சிங்டன் பிரைட் ரகத்தில் இது நன்கு அறியப்பட்ட கோளாறு. கலிபோர்னியாவில் நெக்டரின் மரங்களில் தழைச்சத்தை உயர்த்தியபோது பழுப்பு அழுகலும் கொம்புத் துளைப்பானும் கூடியதை 1995இல் அங்கே எழுதியிருக்கிறார்கள்.

தோல் உறுதிக்குச் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) வேண்டும். வேகமாக வளரும் துளிர் வேர்நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், அந்த நீரோடு போகும் சுண்ணாம்பும் காய்க்கு எட்டாமல் துளிருக்கே போய்விடுகிறது. பினாங்குக் குன்றுகளின் கருங்கல் வழி மண் புளிப்பானது, சுண்ணாம்பு குறைந்தது. யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் அதை மேலும் புளிக்க வைக்கின்றன. மண்ணின் கார அமில நிலையைச் சோதித்துவிட்டு டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல்தூள் போடுங்கள். அதை யூரியாவோடு ஒரே நாளில் போடாதீர்கள். தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

பழைய இலை வெளுக்கிறது, துளிர் சிறுத்து வருகிறது

இது உண்மையான பசி. தழைச்சத்து மரத்துக்குள் இடம் மாறக்கூடியது. குறைந்தால் பழைய இலையிலிருந்து உருவித் துளிருக்கு அனுப்பும், ஆகவே வெளிறல் கீழிருந்து தொடங்கும். இலை முழுவதும் சீராக வெளுக்கும். நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால், பழைய இலையில் அது மெக்னீசியம், துளிரில் அது இரும்பு. யூரியா இரண்டுக்கும் உதவாது. இலை முழுக்க மஞ்சளாகி, மண்ணைக் கிளறினால் வேர் கறுத்து நாறினால், அது தேங்கிய நீர்.

பசித்த மரத்தில் துவர்ப்பும் லிக்னினும் இருக்கும், காயத்தை ஆற்றத் தெம்பு இருக்காது. பலவீனத்தைப் பார்த்து ஏறும் இலைப்புள்ளிப் பூஞ்சைகள் இங்கேதான் வருகின்றன. ரம்புத்தான் பூவிலும் பிஞ்சிலும் வெள்ளை மாவாகப் படியும் சாம்பல் நோய் அதற்கு நேர்மாறு. உயிருள்ள இளந்திசுவை மட்டும் உண்ணும் பூஞ்சை அது, செழிப்பான மரமே அதற்குப் பிடிக்கும். பூஞ்சை என்றவுடன் ஒரே முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

இன்னொரு சிறு விஷயம். மரத்தூளையோ பச்சை மரச்சில்லுகளையோ மண்ணோடு கலந்தபின் மரம் வெளுத்தால், அவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இரவல் வாங்கியிருக்கின்றன. கலக்காமல் மேலே மூடாக்காகப் போட்டால் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

அளவு மீறிப் போட்டாகிவிட்டது, இப்போது என்ன?

உரம் போட்டு ஓரிரு நாளில் இலை விளிம்பு கருகினால் உப்புச் சூடு. கரையாமல் கிடக்கும் மணிகளை அள்ளிவிட்டு, வடிகால் உள்ள மண்ணில் நிறையத் தண்ணீர் விடுங்கள். தொட்டி என்றால் அடித்துளை வழியே ஓடும் வரை.

மெதுவாகச் சேர்ந்த மிகுதிக்கு அவசர வைத்தியம் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. நம் மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். கடலோர மணலில் சீக்கிரம், களிமண்ணில் நிதானமாக. மரத்தடியில் புல்லை மொட்டையாக வழிக்காமல் விட்டால் அதுவும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். வெட்டிய புல்லை வேறிடத்தில் போடுங்கள். அந்த இடைவெளியில் சாம்பல் சத்தை மட்டும் சிறிதளவு கொடுக்கலாம். மரம் ஒரு துளிரை முழுதாக முற்றவிட்டு ஓய்வில் நிற்கும்போது திரும்ப உரம் தொடங்குங்கள்: பழைய அளவில் பாதி, தண்டை ஒட்டாமல் கிளை நிழலின் விளிம்பில், கனமழைக்கு முன் அல்லாமல் ஈரமண்ணில்.

கண்ணால் பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லை என்றால் வேளாண்மைத் துறையில் மண்ணையும் இலையையும் ஆய்வு செய்து தருகிறார்கள். முற்றிய, நோயில்லாத இலைகளை மரத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் பறியுங்கள். துளிரும் வேண்டாம், உதிரப்போகும் கிழட்டு இலையும் வேண்டாம், மருந்து அடித்த வாரத்திலும் வேண்டாம். காகித உறையில் போட்டு, மரத்தின் ரகம், வயது, கடைசியாக உரம் போட்ட தேதி மூன்றையும் மேலே எழுதிக் கொண்டுபோங்கள்.